கமிஷன் இல்லாத காது மெஷின்

காது மெஷினில் ஒரு சின்ன விளக்கு உண்டு. காந்தம் வைத்த வட்டத் துண்டைத் தலையில் ஒட்டியதும் அந்த விளக்கு மின்னிவிட்டு அணைந்தால், என் மகளுக்கு உலகம் கேட்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு நாள் காலை அது மின்னவே இல்லை. பேட்டரியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், துடைத்தேன், ஊதினேன். வாசலில் பள்ளிக்கூட வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவளோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாக ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதிலேயே அறுவை சிகிச்சை செய்து தலைக்குள் ஒரு பாகத்தை வைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின்தான் அதற்குச் சத்தத்தை அனுப்ப வேண்டும். வெளியே இருப்பது செத்துப்போனால் உள்ளே இருப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. மெஷினை விற்ற பெங்களூர் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டேன். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், ரிப்பேரும் கிடையாது, உதிரியும் கிடையாது, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். அவள் சொன்ன விலைக்கு எங்கள் தக்காளிக் காட்டில் பாதியை விற்க வேண்டும். நன்றி என்று சொல்லி வைத்துவிட்டு, வைத்த போனைத் திட்டினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

மெஷின் இல்லாத வீடு எப்படி மாறும் என்று அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையைக் காலால் தட்டினோம். அதிர்வு தெரிந்து திரும்புவாள். நான் பேசும்போது என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, உதட்டையே உற்றுப் பார்ப்பாள். முதலில் சத்தமாகக் கத்திப் பேசினாள், தன் குரலே தனக்குக் கேட்கவில்லை அல்லவா? வகுப்பில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். கேட்டதற்குத் தலையாட்டினாள், பிறகு கையை நீட்டிக் காட்டினாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சேலத்து மேடத்திடம் அழைத்துப்போனபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"ரொம்ப நாள் மெஷின் இல்லாம வுட்டுடாதீங்க. கஷ்டப்பட்டு வந்த பேச்சு, பின்னாடி போக ஆரம்பிச்சிடும்."

அப்புறம், எங்களைப் போலவே மாட்டிக்கொண்ட சில பெற்றோர், வெளிநாட்டு ஆன்லைன் சந்தைகளில் பழைய மெஷின் வாங்கியிருப்பதாகவும் சொன்னார். "ஆனா ரெண்டு விஷயம். அது வேற ஒருத்தர் காதுக்கு செட் பண்ணது. இங்க கொண்டாந்து நான் மாத்தி எழுதற வரைக்கும் பாப்பா தலையில வெக்கவே கூடாது. இன்னொண்ணு, அந்த சைட்டுக்கு உள்ளயே பணம் கட்டுங்க. வெளிய யாரு கேட்டாலும் கட்டாதீங்க" என்றார்.

நான் பாலக்கோட்டில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறேன். கம்ப்யூட்டர் எனக்குப் புதிதில்லை. மதிய நேரத்தில் கடையில் ஆள் இல்லாதபோது தேடத் தொடங்கினேன். அதே மாடல், அதே பழுப்பு நிறம், உள்ளே இருக்கும் பாகத்தோடு பேசக்கூடிய அதே வகை. ஒன்றே ஒன்று கிடைத்தது. எங்கோ கடல் தாண்டிய ஊரில் ஒரு பெண்மணி. காலமான தன் கணவருடைய மெஷின் என்று எழுதியிருந்தாள். அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேனோ! விலை எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் எட்டியெட்டிப் பிடிக்க வேண்டிய தூரத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினேன். அவர் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் கணவர் தக்காளி விவசாயி. அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரி, மண்டிக் கமிஷன். விதை அவருடையது, தண்ணீர் அவருடையது, விடியலில் பறித்துப் பெட்டி கட்டி மார்க்கெட்டுக்கு ஏற்றுவது அவர். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மண்டிக்காரருக்கு எதற்குக் கமிஷன் என்று அவர் புலம்புவதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கோடையில் வீம்புக்கு மண்டிக்கே போகாமல், மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து விற்றார். பாதித் தக்காளி வெயிலில் வெந்து ரசமாகிப்போனது. அப்போதும், "கமிஷன் குடுக்கல இல்ல?" என்று சிரித்தவர் அவர்.

அந்தப் பெண்மணியிடம் நான் சைட்டுக்குள்ளேயே இரண்டு கேள்வி கேட்டு எழுதியிருந்தேன். விளக்கு எரிகிறதா, ஒயர் கூட வருமா என்று. பதிலோடு ஒரு போன் நம்பரும் வந்தது. நான் கடையில் இருந்தபோது கணவர் அந்த நம்பருக்குத் தன் போனிலிருந்து எழுதத் தொடங்கிவிட்டார். தமிழில் பேசினால் ஆங்கிலமாக மாற்றித்தரும் ஆப் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டே நாளில் அவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார். காபி வந்தாலே வில்லங்கம்தான்.

"அந்த அம்மா ரொம்ப நல்லவங்க புள்ள. அந்த சைட்டுக்காரன் அவிங்ககிட்ட கமிஷன் புடுங்கறானாம். நேரா அவிங்க அக்கவுண்டுக்குப் போட்டா, அந்தக் கமிஷனை நமக்கே கொறைச்சுக்கறாங்களாம். நம்ம பாப்பாவுக்காக ஜெபம் பண்றேன்னு வேற எழுதி இருக்காங்க."

"சாமி பேரைச் சொன்னா சரியாப் போச்சா? மேடம் என்ன சொன்னாங்கன்னு மறந்துட்டீங்களா?"

"அது பொதுவா சொல்றது. இவிங்க நம்மள மாதிரி கஷ்டப்படறவங்க. விக்கறவனையும் வாங்கறவனையும் நேரா பேச வுடாம நடுவுல ஒருத்தன் தின்னுட்டுப் போறானே, அது எனக்குத் தெரியாதா?"

சைட்டுக்குள் கட்டினால் மெஷின் நம் கைக்கு வரும் வரை பணம் நடுவில் நிற்கும், நேராகப் போட்டால் போட்டதுதான் என்று நான் சொன்னேன். வேறு ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் முடிவு செய்யுங்கள் என்று அந்தப் பெண்மணி எழுதியிருப்பதாக அவர் சொன்னார். "நீ பேசிப் பேசியே அதைக் கோட்டை வுடப்போற" என்றார். நான் காபித் தம்ளரை ணங்கென்று வைத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மகள் எங்கள் உதடுகளை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எதுவும் பிடிபடாமல் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? இருக்கும் ஒரே மெஷினை என் பிடிவாதத்தால் இழந்துவிட்டால்?

மறுநாள் கடையில் இருக்கும்போது என் தம்பியிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவன் வளைகுடாவில் வேலை செய்கிறான். "அக்கா, மாமா சொன்ன அந்த அம்மாவுக்குப் பணம் போடறதுக்கு எக்ஸ்சேஞ்சுக்கு வந்திருக்கேன். டோக்கன் வாங்கிட்டேன். கூட்டமா இருக்குது. பாப்பாவுக்குச் சீக்கிரம் மெஷின் வந்துடும், கவலைப்படாத."

இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப பேங்கில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று, எனக்குத் தெரியாமல் மச்சானைப் பிடித்திருக்கிறார் மனுஷன். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அவன் இருக்கும் நாட்டில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "போடாத, போடாத, நான் சொல்ற வரைக்கும் போடாத" என்று குரல் செய்தி அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. சாம்பல் நிறத்திலேயே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலமாகவில்லை. சாதாரண அழைப்பு போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

கணவருக்குப் போட்டேன். ஏல நேரம், எடுக்க மாட்டார். முதலாளியிடம் சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். லாரிகள் பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தன, காலடியெல்லாம் நசுங்கிய தக்காளி. எங்கள் மண்டியில், அடுக்கிய பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். மண்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு போன் போடுங்க. உடனே வேண்டாம்னு சொல்லுங்க."

"இங்க வந்து கத்தாத. வூட்டுக்குப் போ, வந்து பேசறேன்."

"வூட்டுக்கு வர்றதுக்குள்ள பணம் போயிடும்!"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மண்டிக்காரர் எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அது தோன்றியது. யோசித்து வைத்திருந்த பேச்சு இல்லை, கோபத்தில் வந்த பேச்சு.

"போன கோடையில நம்ம லோடை ஏத்திக்கிட்டுப் போன வெளியூர் வியாபாரி என்னங்க ஆனான்?"

நானே பதிலையும் சொன்னேன்.

"ஓடிப்போனான் இல்ல? நம்ம காசை யாரு குடுத்தா? இதோ உக்காந்திருக்காரே, இவருதானே தன் கையில இருந்து எடுத்துக் குடுத்தாரு? ரோட்டோரத்துல அவனுக்கு நேரா வித்திருந்தா யாரைப் போய்ப் புடிச்சிருப்பீங்க? அந்த சைட்டும் மண்டிதாங்க. கமிஷன் தின்னுட்டுச் சும்மா உக்காந்திருக்கல, ஏமாந்தா கேக்கறதுக்கு அங்க ஒரு ஆள் இருக்குது. அந்த அம்மா ஓடிப்போனா, நம்ம பாப்பா காதுக்கு யாருகிட்ட போய் நிப்பீங்க?"

மண்டிக்காரர், "யாரும்மா ஓடிப்போனது?" என்று விளங்காமல் கேட்டார். என் கணவர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தக்காளிச் சாறு ஒட்டிய விரலுக்கு போன் திறக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். அவர் போட்ட அழைப்பையும் தம்பி எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே போனைக் காதுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அந்த இரைச்சலில், மணி அடிப்பதைக் கேட்டபடி நின்றோம்.

கடைசியில் எடுத்தான். "மாமா, கவுன்ட்டர்ல நிக்கிறேன். அவிங்க பேரு எழுத்து சரியான்னு பாத்துட்டிருக்காங்க. என்ன மாமா?"

"வேணாம் மச்சான். பணத்தைப் பையில வெச்சிக்கிட்டு வெளிய வந்துடு" என்றார் என் கணவர். கவிழ்த்துப் போட்டிருந்த காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மதியமே அந்தப் பெண்மணிக்கு, சைட்டுக்குள்தான் கட்டுவோம் என்று எழுதினோம். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஒரே வரியில் பதில் வந்தது. சைட்டில் அந்தப் படமும் காணாமல் போனது. அவள் ஏமாற்றுக்காரியா, நிஜமாகவே கணவனை இழந்தவளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுதான் என்னைத் தின்றது. ஏமாற்று என்று நிரூபணமாகியிருந்தால் தலை நிமிர்ந்திருப்பேன். வீட்டில் என் கணவர் என்னைக் குறை சொல்லவில்லை, பேசவும் இல்லை. மகளும் பேசாமல், அவரும் பேசாமல், நான் மட்டும் பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் பாடும்போது, வழக்கமாகத் தொண்டை கிழியப் பாடும் என் மகள் வாயைத் திறக்கவே இல்லை. அந்த ஒரே மெஷினை நான்தான் துரத்திவிட்டேன் என்று அன்று உறுதியாகவே நம்பினேன்.

மறுபடி ஒன்று கண்ணில் பட வாரங்கள் ஆயின. அதே சைட்டில்தான், ஆனால் இந்த முறை கடை. பழைய காது மெஷின்களையே விற்கும் கடை, வேறொரு நாட்டில். வாங்கியவர்கள் எழுதிய நல்லதும் கெட்டதும் இருந்தன. கெட்டதைத்தான் முதலில் படித்தேன். வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுப்போம் என்று இருந்தது. விலை கூடுதல். என் சீட்டுப் பணத்தை எடுத்தேன்.

என் கார்டில் வெளிநாட்டுக்குப் பணம் போகாதபடி பூட்டி இருந்தது. பேங்க் ஆப்பில் அதைத் திறந்தேன். இந்த விலைக்கு மேல் ஒரு பைசா போகாதபடி வரம்பு வைத்தேன். அந்தக் கணக்கிலும் அதற்கு வேண்டியதை மட்டும் விட்டு, மீதியை வேறு கணக்குக்கு மாற்றினேன். சைட்டின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். கட்டுகிற பட்டனை அழுத்திவிட்டு ஓடிபிக்காகக் காத்திருந்தால், ஓடிபியே வரவில்லை. பணம் போய்விட்டது என்று நேராகச் செய்தி வந்தது. வெளிநாட்டு சைட்டுகள் சில ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆர்டர் பக்கத்தைத் திறந்து, பணம் சைட்டிடம் வந்து நிற்கிறது என்று இருப்பதைப் பார்த்த பிறகே மூச்சு வந்தது. உடனே கார்டை மறுபடி பூட்டினேன்.

பார்சல் கப்பலேறியதோ விமானமேறியதோ, வரும் வழியில் கஸ்டம்ஸில் நிற்பதாகவும் இந்த லிங்கில் பணம் கட்டினால்தான் விடுவார்கள் என்றும் ஒரு செய்தி வந்தது. இந்த முறை என் கணவரே போனை என்னிடம் நீட்டி, "இது மண்டிக்கு வெளிய இருந்து வந்திருக்குது, பாரு" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அது. லிங்கைத் தொடாமல், ஆர்டர் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். அப்படி எதுவும் கட்டச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்சல் வீட்டுக்கே வந்தது.

வந்ததே தவிர, போட்டுப் பார்க்க முடியாதே. யாரோ ஒருவர் காதுக்கு எழுதிய மெஷின். பீரோவில் துணிகளுக்கு நடுவில் வைத்தோம். மகள் அடிக்கடி பீரோவைத் திறந்து பெட்டியைத் தொட்டுவிட்டு மூடினாள். சேலத்து மேடம் ஊரில் இல்லை. அவர் திரும்பி வந்து எங்களை வரச்சொன்ன நாளும், சைட்டில் எங்களுக்கு இருந்த கெடுவின் கடைசி நாளும் ஒன்றாக விழுந்தன. அன்றைக்குள் புகார் எதுவும் சொல்லாவிட்டால், நடுவில் நிற்கும் பணம் தானாகக் கடைக்காரருக்குப் போய்விடும்.

பஸ்ஸில் சேலம் போகும்போதே என் கணவர் நெளிந்துகொண்டிருந்தார். கடைக்காரர், சரக்கு வந்து சேர்ந்ததா, தயவுசெய்து உறுதி செய்யுங்கள் என்று எழுதியிருந்தார். மார்க்கெட்டில் பெட்டியை இறக்கிவிட்டுப் பணத்துக்காகக் கைகட்டி நிற்கும் வலி என் கணவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் செய்தி அவரைக் குடைந்துகொண்டே வந்தது.

மேடத்தின் அறையில் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மெஷினைக் கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைத்து, வட்டத் துண்டை அவள் தலையில் ஒட்டினார்கள். விளக்கு மின்னியது. ஆனால் அவள் அசையவில்லை. மேடம் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார். நேரம் போனது. எதுவும் நடக்கவில்லை. எங்களுடைய பழைய பாகத்தோடு இது பேசாவிட்டால்? மேடத்தின் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

பின்னால் சுவரோரம் நின்றிருந்த என் கணவர் போனை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். சைட்டில் அந்தப் பட்டன். சரக்கு நல்லபடியாகக் கிடைத்தது என்று சொல்லும் பட்டன்.

"என்ன பண்றீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"அந்த ஆள் பாவம் புள்ள. சொன்னதை அனுப்பிட்டாரு. சரக்கு எறக்கினவன் காசை நிறுத்தி வெச்சா நமக்கு நல்லதா? வெளக்கு எரியுது இல்ல, அழுத்திடறேன்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. பல்லைக் கடித்துக்கொண்டு, அடித்தொண்டையில் சீறினேன். "கைய எடுங்க. வெளக்கு எரிஞ்சா ஆச்சா? எம்புள்ளைக்குக் கேக்கணும். கேக்காம மட்டும் அதுல வெரலை வெச்சீங்க, பஸ் ஸ்டாண்டுலயே உட்டுட்டுப் போயிடுவேன் உங்கள. அறிவுன்னு ஒண்ணு..."

"அம்மா."

முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்த என் மகள்தான். திரும்பவில்லை. எங்கள் உதடுகளைப் பார்க்கவில்லை. பல நாள் திறக்காத குரல் கரகரத்தது.

"அப்பாவைத் திட்டாதம்மா."

மேடத்தின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. நான் வாயை மூடிக்கொண்டேன். என் கணவர் என்னைப் பார்த்தார். இப்போது அழுத்தலாமா என்று கண்ணால் கேட்டார்.